வரவில் ஏறாதது

புதுவயலில் காற்று திசை மாறினால்
நெல் அவிக்கும் மில்லின் கரி
எங்கள் தெருக் கொடிகளில் வந்து இறங்கும்.
வெள்ளை வேட்டி வாங்குவதை
நான் விட்டு நாலு வருசம்.

அந்த மில்லில்தான் எனக்குக் கணக்கு வேலை.
நாள்வழியிலிருந்து பேரேடு,
பேரேட்டிலிருந்து ஐந்தொகை.
ஒரு ரூபாய் உதைத்தாலும்
ராத்திரிச் சோறு இறங்காத பிறவி நான்.

வீட்டிலும் ஒரு கணக்கு தொடங்கியது
ஆவணிக் கடைசியில்.
வள்ளிக்கண்ணு எங்கோ கேட்டு வந்தாள்:
"அடிச்சுத் திருத்துனது போதும்.
நல்லது செஞ்சா
கண்ணுல படுற மாதிரி குறிச்சு வைப்போம்."
பழைய காலண்டர் அட்டையின் முதுகில்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவன் நானே.
செருப்பை ஜோடியாய் விட்டால் ஒரு நட்சத்திரம்.
சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டால் ஒன்று.
தங்கச்சியைக் கிள்ளாத நாளுக்கு
சிரமம் கருதி இரண்டு.
நூறு சேர்ந்தால் காரைக்குடி பஸ்,
ரோஸ்மில்க், திரும்பி வர ஜன்னலோர சீட்டு.

முதல் வாரம் வீடே மினுங்கியது.
விருந்தாளி செருப்பைக்கூடத்
தேடிப் பிடித்து ஜோடி சேர்த்தான் சேவுகன்.
சின்னவள் மகிழ்நிலா
ஒரு நட்சத்திரத்தை உரித்து
நெற்றியில் ஒட்டிக்கொண்டு
"இன்னைக்கு ஃபுல்லா நான் நல்லவ" என்றாள்.
ஒன்பது மணிக்கே தூங்கியும் போனாள்.

மூன்றாம் வாரம் கணக்கு உதைத்தது.

தண்ணீர் கேட்டேன்.
சொம்போடு வந்து நின்றவன்
நீட்டாமல் கேட்டான்:
"இதுக்கு எத்தனப்பா?"
புரையேறிய தங்கச்சியின் தலையைத் தட்டிவிட்டு
அவள் முகத்தைப் பார்க்காமல்
அட்டையைப் பார்த்தான்.
ஒருநாள் அவளை நன்றாகக் கிள்ளிவிட்டு
நிதானமாய்ச் சொன்னான்:
"ரெண்டு கழிச்சுக்கங்க.
எங்கிட்ட அறுபது இருக்கு."
கையில் முதல் உள்ளவன் பேச்சு அது.
மில்லில் தினமும் கேட்கிறேன்.
அன்று தெருவே திரும்பக் கத்தினேன்.
கத்துவதற்கு அட்டையில் கட்டம் இல்லை.
எனக்கும் அதில் பெயர் இல்லை.

பொன்னுருகக் காயும் புரட்டாசிச் சனிக்கிழமை.
மதியச் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.
முக்குத் திரும்பும்போதே காற்று திரும்பியது.
மாடிக் கொடியில்
பக்கத்துப் போர்ஷன் பரக்கத் நிஷாவின்
வெள்ளைக் கோட்டுகள் நாலு.
ஆஸ்பத்திரி நர்ஸ்; பகல் டூட்டி.
மோட்டார் போடும் நேரத் தகராறில்
எங்கள் இரண்டு வீட்டுக்கும்
இரண்டு மாசமாய்ப் பேச்சு இல்லை.

சேவுகன் மாடியில் நின்றான்.
சுடும் தரையில் கால் மாற்றிக் கால் மாற்றி
ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினான்.
முதலில் இரண்டு கையையும்
தன் டவுசரில் துடைத்தான்.
அப்புறம்தான் கோட்டைத் தொட்டான்.
கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு
ஒவ்வொன்றாய் உருவினான்.
மடிக்கத் தெரியவில்லை; உருட்டினான்.
கரி வந்து சேர்வதற்குள்
அவள் கதவுக் கம்பியில்
நாலு சுருட்டும் செருகியிருந்தன.

நான் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன்,
சத்தம் கேட்கக் கூடாதென்று.

சாப்பிட உட்கார்ந்தோம்.
சொல்வான் என்று பார்த்தேன்.
"தயிர் இன்னுங் கொஞ்சம்" என்றான்.
அவ்வளவுதான்.
என் சட்டைப் பையில்
காலையில் வாங்கிய புதுத் தாள்,
நாற்பத்தெட்டு நட்சத்திரம், பத்து ரூபாய்.
கை போனது.
போன கையை ஊறுகாய்ப் பக்கம் திருப்பினேன்.
"என்ன, தனியாச் சிரிப்பு?" என்றாள் வள்ளிக்கண்ணு.
"உப்புக் கூட" என்றேன்.

அட்டை இன்னும் தொங்குகிறது.
செருப்புக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று,
அதெல்லாம் நடக்கிறது; நடக்கட்டும்.

அன்று சாயங்காலம் மில்லில்
ஒரு ரூபாய் உதைத்தது.
தேடாமல் பேரேட்டை மூடி வைத்துவிட்டு
வீட்டுக்கு வந்தேன்.